ரங்கூன் அடைக்கலம் லைசென்ஸ் கேட்ட படலம்

கேளுங்கள், பெரியோர்களே! காது கேட்பவர்கள் கேளுங்கள். கேளாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலை பிளந்து வழி கண்ட மறவர்களையும், யானைமேல் வந்து யானையோடு சரிந்த மன்னர்களையும் பாடிப் பாடியே புலவர் நாவெல்லாம் தழும்பேறிப்போன இப்பாரினில், ஆறுகால் இரும்பு வேழத்தை ஐராவதிக் கரையிலே பதினெட்டு ஆண்டுகள் அடக்கி ஆண்டவனும், கியர்த்தண்டு ஏந்திய இடக்கையனும், கிளச்சு மிதித்துக் காய்த்த தாளினனும், டீசல் மணம் கமழும் திருமேனியனும், தேக்குத்தடிகளை மலைக்காட்டிலிருந்து துறைமுகம்வரை ஒரு கீறல் விழாமல் இறக்கிய கொற்றத்தினனும் ஆகிய அடைக்கலம் என்னும் பெருமகனைப் பாட இன்றுவரை ஒரு நாதி இல்லை. போகட்டும், நாம் பாடுவோம்.

யாரை வேண்டிக்கொண்டு தொடங்குவது? ஆனைமுகனுக்கு ஏகப்பட்ட வேலை. ஆகவே, மனுக்களின் அதிதேவதையே! மூன்று பிரதிகளில் வாசம் செய்பவளே! ஊதா மையில் நீராடி ரப்பர் முத்திரையில் துயில்பவளே! 'அடுத்த மாசம் வா' என்னும் மூலமந்திரத்தின் உட்பொருளே! உன்னை வணங்குகிறோம். நீ கண் திறக்காவிட்டால் இந்நாட்டில் ஒரு கைவண்டிகூட நகராது, தாயே.

அடைக்கலத்தின் தந்தை கொடும்பாளூர்க்காரர். மூவர் கோயில் எழுப்பிய வேளிர்தம் வீரபூமியிலே, அக்கோயிலின் நிழலில் ஆடு மேய்த்து, ஆடுகள் கோமாரியில் செத்ததும் கப்பலேறியவர். மகன் ரங்கூனிலே பிறந்தான், வளர்ந்தான், ஸ்டியரிங் பிடித்தான், செவந்தி என்னும் செந்தமிழ்ச் செல்வியின் கரமும் பிடித்தான். அறுபத்துநான்காம் ஆண்டு அந்நாட்டு அரசு, "கடையும் எங்களது, கம்பெனியும் எங்களது, நீங்கள் புறப்படலாம்" என்று சொல்லிவிட, ஒரு தகரப்பெட்டியும் ஒரு மனைவியுமாகத் தாய்நாட்டில் வந்து இறங்கினான். கொடும்பாளூரில் பெரியப்பா மகன் வாசல்வரை ஓடிவந்து வரவேற்றார். "வாங்க தம்பி, நல்லாருக்கீங்களா, எப்பப் போறீங்க?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் அடைக்கலமும் செவந்தியும் புதுக்கோட்டைக்கு வடக்கே இருந்த அகதி முகாமில் பதினேழாம் நம்பர் தகரக் கொட்டகைக்குக் குடிபோனார்கள்.

ரங்கூன் கப்பல்துறைச் சோதனையிலே செவந்தியின் தோடு போனது, மூக்குத்தி போனது, பித்தளைக் குடம்கூடப் போனது. சேலை மடிப்புக்குள் ஒளிந்திருந்து தப்பிவந்த ஒரே செல்வம் அடைக்கலத்தின் ரங்கூன் லைசென்ஸ். அது பர்மிய எழுத்தில் இருந்தது. வட்டம் வட்டமாய், ஜாங்கிரி பிழிந்து வைத்ததுபோல் இருந்த அவ்வெழுத்துகளை இந்தியத் திருநாட்டில் எந்த அதிகாரியும் வாசிக்கவில்லை. பார்த்தவர்களுக்குப் பசிதான் எடுத்தது.

இனி, போருக்குக் காரணம் கேளுங்கள். மணமேல்குடிக் கடற்கரையிலே கருவாட்டுக் கொற்றம் நடத்திவந்த ஜைனுதீன் என்னும் வணிகர்கோமானுக்கு ஒரே ஒரு லாரி உண்டு. அதன் டிரைவர் பஸ் ஓட்டப் போய்விட்டான். ஒருநாள் கூலிக்குப் பிடித்த ஓர் ஆள் ஓட்டிவந்த அவ்வண்டி முகாம் வாசலில் சேற்றில் புதைந்து, பத்துப் பேர் தள்ளியும் அசையாமல் கிடந்தபோது, அடைக்கலம் ஏறி உட்கார்ந்து முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று தாலாட்டி வெளியே எடுத்துக்கொடுத்தான். ஜைனுதீன் அதைப் பார்த்தார். பார்த்ததும் பிரகடனம் செய்தார்: "வெள்ளிக்கெழம காலைல லைசென்ஸோட வா. வண்டி ஒனக்கு, கிட்டங்கிக்குப் பின்னால ஒரு ரூம்பு இருக்கு, அதுவும் ஒனக்கு. இல்லாட்டி எம் மச்சான் ஒரு ஆளச் சொல்லிக்கிட்டே இருக்காரு. அவனத்தான் போடணும், சொல்லிட்டேன்."

முகாமிலோ ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. வேலை கிடைக்காத குடும்பங்களை மாதக் கடைசியில் வேறு ஜில்லா முகாமுக்கு லாரியில் ஏற்றி அனுப்புவதற்கான பட்டியல். பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவன் லாரியின் முதுகில் சரக்காக உட்கார்ந்து போவதா? அதை நினைக்கும்போதெல்லாம் அடைக்கலத்துக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி ஓட்டச் சொல்லிப் பார்த்து லைசென்ஸ் கொடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் திருச்சியிலிருந்து மாதத்துக்கு ஒரே ஒரு வியாழக்கிழமைதான் வருவார். அந்த வியாழனைத் தவறவிட்டால் வெள்ளியும் போச்சு, வேலையும் போச்சு.

வந்தது வியாழன். ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையை ஒட்டிய செம்மண் பொட்டலே போர்க்களம். அதன் நடுவே விழுதுகள் தாழ்ந்த ஒரு பேராலமரம். மரத்தடியிலே இரண்டு மேசைகள். ஒன்றில் குமாஸ்தா அய்யாக்கண்ணு, மற்றதில் பிரேக் இன்ஸ்பெக்டர். எதிரே டிரைவராகத் துடிக்கும் காளையர் நாற்பது பேர் வரிசை என்னும் பெயரில் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். செருப்பை வரிசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் சிலர். "பெரிய எடத்து ஆளு" என்று சொல்லிக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தவர்கள் சிலர். ஆனால் பதினாலு மாதம் முகாமில் அரிசி வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பால்பவுடர் வரிசை, குழாயடி வரிசை என்று நால்வகை வரிசைகளிலும் நின்று புடம்போட்ட அடைக்கலத்தின் முன்னே அந்தப் பச்சைப்பிள்ளைகள் எம்மாத்திரம்? முழங்கையை விலாவோடு ஒட்டி, இடது தோளை முன்னே கொடுத்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல் அவன் முன்னேறிய முன்னேற்றத்திலே கூட்டம் தானாக வழிவிட்டது. பத்துமணிக்குள் அய்யாக்கண்ணுவின் மேசைமுன் நின்றான்.

அய்யாக்கண்ணு யார் என்கிறீர்கள்? காதிடைப் பென்சிலன், கட்டுக்கோப்புக் காவலன், கேள்விக் கணைகளை அம்பறாத்தூணியில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பவன், ஒரு மனுவில் குறையில்லை என்றால் அன்று தூக்கம் வராதவன். பேரைக் கேட்டான், எழுதினான். அப்பன் பேரைக் கேட்டான், எழுதினான். பிறகு முதல் கணையை நாணேற்றினான்.

"நெரந்தர விலாசம்?"

"அகதி முகாமுங்க. பதினேழாம் நம்பர் கொட்டகை."

"அது தற்காலிகம்ல. நெரந்தரம் வேணும்யா."

"அதுக்கு முந்தி ரங்கூனுங்க."

"அது வெளிநாடு."

"எங்க அய்யாவுக்குக் கொடும்பாளூருங்க."

"அங்க வீடு இருக்கா?"

"எடம் இருக்குங்க. பெரியப்பா மவன் மாடு கட்டிருக்காரு."

"அப்ப மாட்டுக்குத்தான்யா அந்த விலாசத்துல லைசென்ஸ் குடுக்கலாம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அடைக்கலத்துக்கு முகம் சுண்டிப்போனது. பிறந்த நாட்டில் 'இந்தியாக்காரன்' என்றார்கள். வந்த நாட்டில் 'பர்மாக்காரன்' என்கிறார்கள். நடுவில் இருந்த கடலில்தான் யாரும் விலாசம் கேட்கவில்லை. இருந்தும் மனம் தளராதவனாய், மடியிலிருந்து ரங்கூன் லைசென்ஸ் என்னும் மகா அஸ்திரத்தை உருவி மேசைமேல் வைத்தான். அய்யாக்கண்ணு அதை நேராகப் பிடித்துப் பார்த்தான், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான், வெயிலுக்கு நேரே தூக்கியும் பார்த்தான். "என்னய்யா இது, கோலமா?" என்றான். அஸ்திரம் புஸ்ஸென்று போனது.

அவ்வேளையிலே, வெண்துணியர், வெண்தொப்பியர், கருங்குடையர், கருவாட்டு நறுமணத்தால் தம் வருகையை முன்கூட்டியே அறிவிப்பவர், ஜைனுதீன் கோமான் களம் புகுந்தார். லாரியை மச்சான் சொன்ன ஆளை வைத்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த ஆளோ, இவன் தோற்கட்டும் என்று மனசுக்குள் தேங்காய் நேர்ந்துகொண்டு வண்டி ஓரமாய் நின்றான். ஜைனுதீன் மேசையைத் தட்டி முழங்கினார்:

"ஏன்யா அய்யாக்கண்ணு! நெரந்தரம் நெரந்தரம்ங்கிறியே, ஒலகத்துல எவன்யா நெரந்தரம்? அல்லா ஒருத்தன்தான்! எழுதுய்யா, மணமேல்குடி ஜைனுதீன் கருவாட்டுக் கிட்டங்கி, பின்பக்கத்து ரூம்பு."

"அங்க குடியிருக்காருங்களா, பாய்?"

"லைசென்ஸ் குடுத்தா நாளையிலேர்ந்து இருப்பாரு. குடுக்காட்டி நீ வந்து இரு."

கிட்டங்கியின் வாசத்தை ஒரு கணம் மூக்கால் நினைத்துப் பார்த்தான் அய்யாக்கண்ணு. எழுதிவிட்டான்.

முதற்போர் முடிந்தது. ஆனால் ஐயா, அது வெறும் கொசுறு. மெயின் சண்டை இனிமேல்தான். காக்கிக் கவசத்தினர், விசில் என்னும் வெண்சங்கு ஏந்தியவர், முறுக்கிய மீசையில் இரண்டு எலுமிச்சம்பழம் நிற்கும் வீறுடையவர், காலையிலிருந்து பதினோரு பேரை 'அடுத்த மாசம் வா' என்னும் மூலமந்திரத்தால் சாம்பலாக்கியவர், பிரேக் இன்ஸ்பெக்டர், நாற்காலியில் சாய்ந்தபடி அருள்வாக்குச் சொன்னார்: "வண்டிய எடுத்து நேரா வா. இந்த மரத்தையும் அந்தக் கல்லையும் சுத்தி எட்டுப் போடு. கைச் சிக்னல் ஒழுங்காக் காட்டணும். தப்புப் பண்ணுனா அடுத்த மாசம்."

அடைக்கலம் லாரியில் ஏறினான். இருக்கையில் ஒரு கோணிச்சாக்கு. கண்ணாடியில் ஒரு விரிசல். பிரேக்கோ, மிதித்துப் பார்த்தால், இருக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு இருக்கிறது என்ற நிலையில் இருந்தது. ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டானோ இல்லையோ, அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. காவிய நாயகன் கலங்கலாமா என்று கேட்பவர்கள் பதினாலு மாதம் கையைக் கட்டிக்கொண்டு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். சாவியைத் திருப்பினான். இஞ்சின் உறுமியது. எதிரே, வெயிலில் பச்சைப்பசேலென்று, அந்த ஆலமரம் நின்றது.

இங்கேதான், பெரியோர்களே, ஒரு கிளைக்கதை. ரங்கூனுக்கு வடக்கே பெகு செல்லும் பெருவழியிலே ஓர் ஆலமரம் உண்டு. அதிலே ஒரு காவல் தெய்வம் குடியிருக்கிறது. நம்மூர்க் கருப்பனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு வண்டி கைக்கு வந்தால், நம்மூர் டிரைவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவானல்லவா, அதுபோல அங்குள்ள டிரைவர்கள் வண்டியையே அம்மரத்தின் முன் கொண்டுபோய்க் கும்பிட வைப்பார்கள். முன்னே வந்து ஒரு பிரேக். வண்டியின் மூக்கு தாழும். அது ஒரு கும்பிடு. பின்னே போய், மறுபடி வந்து இன்னொன்று. ஆக மூன்று கும்பிடு. கும்பிடாமல் எடுத்த வண்டி கவிழும் என்பது அங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பதினெட்டு வருஷத்தில் அடைக்கலம் கையில் வந்த வண்டி எதுவும் கும்பிடாமல் சாலையைத் தொட்டதில்லை.

புது வண்டி. எதிரே ஆலமரம். அவன் யோசிக்கவில்லை, காலும் கையும் யோசித்தன. மரத்துக்கும் லாரிக்கும் நடுவே ஒரு மேசை இருப்பதையும், மேசைக்குப் பின்னால் ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர் இருப்பதையும் அவை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எழுந்தது செம்புழுதி! கடகடவென்று அதிர்ந்தது கண்மாய்க்கரை! மதங்கொண்ட வேழமெனப் பிளிறி வந்த அக்கருவாட்டு லாரி, மேசையின் மூக்குவரை வந்து, வெடுக்கென்று நின்று, தலையைத் தாழ்த்தியது. இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு மல்லாந்தார். லாரி பின்னே போனது. போய்விட்டது என்று எண்ணி அவர் எழுந்து மீசையைத் தொட்டுப் பார்ப்பதற்குள் இரண்டாம் முறை வந்தது, நின்றது, தலை தாழ்த்தியது. இன்ஸ்பெக்டர் மேசைமேல் இருந்தார். எப்போது ஏறினார் என்பதை எந்தச் சரித்திர ஆசிரியனாலும் சொல்ல முடியாது. மனுக்கள் வெண்புறாக் கூட்டமாய்ப் பறந்தன. நாற்பது காளையரில் பாதிப்பேர் கண்மாய்க்குள் இறங்கிவிட்டார்கள். டீ குடிக்கப் போனவர்களின் செருப்புகள் மட்டும் வரிசை கலையாமல் நின்றன. அய்யாக்கண்ணு மரத்துக்குப் பின்னால் இருந்து, "யோவ் பர்மா! யோவ் பர்மா!" என்று கூவினான். "அடேய் அடைக்கலம், என் வண்டிடா!" என்று ஜைனுதீன் குடையை வீசினார். மூன்றாம் முறை லாரி வந்தபோது இன்ஸ்பெக்டர் மேசையையும் துறந்து, ஆலம்விழுது ஒன்றைப் பற்றி, அரசாங்க பூட்ஸ் அந்தரத்தில் ஆட, வாயில் சிக்கிய விசில் ஒவ்வொரு மூச்சுக்கும் தானாகவே ஊதிக்கொள்ளத் தொங்கிக்கொண்டிருந்தார். லாரி நின்றது. மூக்கைத் தாழ்த்திக் கும்பிட்டது. அடைக்கலமும் உள்ளே இருந்தபடியே பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தான்.

அப்போதுதான் விழுதில் யார் தொங்குகிறார் என்று பார்த்தான்.

இஞ்சின் ஓய்ந்தது. தொலைந்தேன் என்று நினைத்தான் அடைக்கலம். பதினேழாம் நம்பர் கொட்டகையும், அந்தப் பட்டியலும், சரக்கு லாரியின் முதுகில் தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செவந்தியும் ஒருசேரக் கண்ணில் வந்து நின்றார்கள். இறங்கி வந்து தலைகுனிந்து நின்றான். விழுதைவிட்டு இறங்கிய இன்ஸ்பெக்டர் விசிலைத் துப்பினார்.

"ஏன்யா... எம்மேல என்னய்யா கோவம் ஒனக்கு? மூணு தடவ ஏத்த வந்தியே!"

"அய்யோ, ஒங்களுக்கு இல்லீங்க... மரத்துக்குங்க. கும்பிடு போட்டேங்க. ரங்கூன்ல புது வண்டி எடுத்தா ஆலமரத்துக்கு மூணு கும்பிடு போடணும். பழக்கதோஷங்க. நீங்க நடுவுல உக்காந்திருந்தது ஞாபகத்துல இல்லீங்க."

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். மூலமந்திரம் நாக்கின் நுனிவரை வந்தது. 'அடுத்த' என்ற சொல் பாதி வெளியே வந்துகூட விட்டது. அப்போது அவர் பார்வை கீழே செம்மண்ணில் விழுந்தது. விழுந்தது, நின்றது. குனிந்தார். மண்டியிட்டார். முன்சக்கரம் வந்து நின்ற மூன்று தடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே கோட்டில் கிடந்தன. நூல் பிடித்ததுபோல. மேசைக்காலுக்கும் லாரியின் மூக்குக்கும் நடுவே கையை விரித்து வைத்துப் பார்த்தார். ஒரு சாண். பிறகு எழுந்து, லாரியில் ஏறி, பிரேக்கை மிதித்துப் பார்த்தார். மிதித்த கால் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தார். மறுபடியும் தரைதான்.

"பாய்! இந்த வண்டிக்குப் பிரேக்கே இல்லியேய்யா!"

"அதான் டிரைவர் வந்துட்டாருல்லங்க!" என்றார் ஜைனுதீன், ஒரு கணமும் தாமதியாமல்.

இருபத்திரண்டு வருஷம் பிரேக் பார்த்த மனிதர், பிரேக் இல்லாத வண்டியைக் கியரிலும் கைப்பிரேக்கிலும் அடக்கி மூன்று முறை ஒரே சாணில் நிறுத்தியவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். ஆனால் வேலை தெரிந்தவனுக்கு வேலை தெரிந்தவனைத் தெரியாமல் போகாது. "எட்டுப் போடு" என்றார். இந்தமுறை ஆலமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அடைக்கலம் போட்ட எட்டைப் பார்த்துவிட்டு அய்யாக்கண்ணுவை மரத்துக்குப் பின்னாலிருந்து இழுத்துவரச் சொன்னார். "இவருக்கு எழுதுய்யா. பாய், பிரேக் சரிபண்ணாம ஒரு மூட்டகூட ஏத்தக் கூடாது, ஆமா. யோவ் அடைக்கலம், கும்பிடுறதா இருந்தா இனிமே எறங்கி நின்னு கும்பிடு."

கண்மாயிலிருந்து ஏறிவந்த காளையர் கைதட்டினார்கள். மச்சான் சொன்ன ஆள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடையைக் கட்டினான். அய்யாக்கண்ணு பறந்துபோன தாள்களைப் பொறுக்கி, ஊதா மையைத் தொட்டு, முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். அடைக்கலம் அந்தச் சிறு புத்தகத்தை வாங்கி, அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாக வாசித்தான். பேர் இருந்தது. அப்பன் பேர் இருந்தது. மணமேல்குடி இருந்தது. இந்த நாட்டுக்கு வந்தபின் அவன் கைக்குக் கிடைத்த தாள்களில் 'அகதி' என்ற சொல் இல்லாத முதல் தாள் அதுதான். இரண்டுமுறை தேடிப் பார்த்தான், இல்லவே இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, ரெண்டையும் துண்டில் துடைத்துக்கொண்டான்.

முகாமில் செவந்தி அதை அடுப்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "போட்டோவுல தல சீவாம இருக்கீங்களே, ஒரு நல்லநாள் பொல்லநாள் தெரியாது ஒங்களுக்கு" என்று திட்டிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு தகரப்பெட்டியைத் திறந்து, மணமேல்குடிக்குக் கொண்டுபோகச் சாமான்களை அடுக்கத் தொடங்கினாள்.

இவ்வாறாக, வரிசைப்படை பிளந்தும், விலாசக்கணை முறித்தும், ஆலடிப் பெருங்களத்திலே அரசாங்கத்தையே விழுதில் ஏற்றியும், பிரேக்கில்லா வேழத்தை ஒரு சாணில் மும்முறை மண்டியிடச் செய்தும், இருநாடு கண்டும் ஒருநாடும் தன்னைக் காணாத இழிவைத் துடைத்தும், கொடும்பாளூர் வேளிர் காணாத கொற்றமும் புதுக்கோட்டை மன்னர் பெறாத பட்டயமும் பெற்று, கருவாட்டுச் சக்கரவர்த்தியின் வலக்கரமாய், ஆறுகால் அரியணையின் ஏகபோக வாரிசாய், திசையெட்டும் வெற்றிமுரசு அதிர விளங்கிய அவ்வீரத்திருமகன்—

மறுநாள் காலை சோத்துத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.